60 வினாடிகள்: பிளாஸ்டர் புழுவும் வீட்டுக் கணினியின் பூட்டும்

2003 ஆகஸ்ட் 11, திங்கட்கிழமை. அன்றும் அடுத்த சில நாட்களிலும் உலகெங்கும் லட்சக்கணக்கான விண்டோஸ் எக்ஸ்பி கணினிகளின் திரையில் ஒரு சின்னப் பெட்டி வந்து நின்றது. கணினி நிற்கப் போகிறது, திறந்து வைத்திருப்பதை எல்லாம் சேமித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு 60, 59, 58 என்று இறங்குமுகமாக எண்ணத் தொடங்கியது. வேண்டாம் என்று சொல்ல அதில் ஒரு பொத்தான்கூட இல்லை. பூஜ்யம் வந்ததும் கணினி தானாக அணைந்து மறுபடி எழுந்தது. எழுந்த கணினியை இணையத்தில் இணைத்தால் சில நிமிடங்களில் திரும்பவும் அதே பெட்டி, அதே 60 வினாடி!

கணினி வைத்திருந்தவர்களுக்கு இதில் பெரிய குழப்பம். அவர்கள் எந்த மெயிலையும் திறக்கவில்லை. யாரிடமும் ஃபிளாப்பி வாங்கிப் போடவில்லை. தப்பான தளம் எதற்கும் போகவில்லை. சும்மா இணையத்தில் இணைந்திருந்தார்கள், அவ்வளவுதான். 'தெரியாதவர் தரும் எதையும் திறக்காதே' என்று அதுவரை சொல்லித் தந்த பாடம் இந்த இடத்தில் எதற்கும் உதவவில்லை.

வந்தது பிளாஸ்டர் என்ற புழு. இதைவிட ஆச்சரியம் ஒன்று உண்டு. இந்த நோய்க்கான மருந்து ஜூலை 16-ம் தேதியே வந்துவிட்டது. அதாவது நோய் வருவதற்கு 26 நாட்கள் முன்னால், இலவசமாக! பிறகு ஏன் இத்தனை வீட்டுக் கணினிகள் விழுந்தன? இதற்குப் பதில் தேட வேண்டுமானால் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும்.

வீட்டுக் கணினியைக் காப்பாற்றும் முதல் கருவி ஒரு துண்டு ஸ்டிக்கர் என்றால் இன்று சிரிப்பு வரும். ஆனால் உண்மை அதுதான். 1986-ல் பாகிஸ்தானின் லாகூரில் கணினிக் கடை வைத்திருந்த பாசித் ஃபரூக் ஆல்வி, அம்ஜத் ஃபரூக் ஆல்வி என்ற இரு சகோதரர்கள் 'பிரெயின்' என்ற நிரலை எழுதினார்கள். தாங்கள் எழுதி விற்ற மருத்துவ மென்பொருளைச் சிலர் திருட்டுத்தனமாகப் பிரதி எடுப்பதைத் தடுக்கத்தான் எழுதினோம் என்பது அவர்கள் சொன்ன காரணம். நிரலுக்குள் தங்கள் கடைப் பெயர், முகவரி, தொலைபேசி எண் எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தார்கள். விசிட்டிங் கார்டு கொடுத்துவிட்டுத் திருடிய திருடர்கள் இவர்களாகத்தான் இருக்கும்! ஃபிளாப்பியின் தொடக்கப் பகுதியில் உட்கார்ந்துகொண்ட இந்த நிரல், கைக்குக் கை மாறி 1987-ல் அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகம் வரை போய்விட்டது. ஐபிஎம் வகைத் தனிநபர் கணினிகளைத் தாக்கிய முதல் வைரஸ் என்று இதைத்தான் சொல்கிறார்கள்.

அந்தக் காலத்து ஐந்தேகால் அங்குல ஃபிளாப்பியின் ஓரத்தில் ஒரு சதுரப் பள்ளம் இருக்கும். அதன் மேல் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டால் அந்த ஃபிளாப்பியில் எதையும் எழுத முடியாது. படிக்க மட்டும்தான் முடியும். எழுத முடியாத இடத்தில் வைரஸ் எப்படி ஏறும்? எனவே ஸ்டிக்கர் ஒட்டுவது, ஊரார் ஃபிளாப்பியைத் தொடாமல் இருப்பது, இரண்டும்தான் பாதுகாப்பு.

பிறகு ஆண்டிவைரஸ் வந்தது. 1987-லேயே ஓரிரு நிறுவனங்கள் தொடங்கிவிட்டன என்றாலும் வீடு வீடாக அதைக் கொண்டு சேர்த்தது மைக்கேலேஞ்சலோ என்ற வைரஸ் கிளப்பிய பீதி. 1992 மார்ச் 6-ம் தேதி, அதாவது ஓவியர் மைக்கேலேஞ்சலோவின் பிறந்த நாளில், அது ஹார்ட் டிஸ்கை அழிக்கும் என்ற செய்தி பத்திரிகைகளில் பரவியது. 50 லட்சம் கணினிகள் வரை போகலாம் என்று மதிப்பீடுகள் வந்தன. அன்றைக்கு நடந்தது என்னவோ சில ஆயிரங்களோடு முடிந்தது. ஆனால் ஆண்டிவைரஸ் விற்பனைக்கு அது பொன்னான மாதம். பயத்தைப் போல நல்ல விற்பனைப் பிரதிநிதி கிடைக்க மாட்டார் என்பதை வணிகவியல் படிப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தியாவிலும் இந்தத் தொழில் அப்போதே வேர் விட்டது. சென்னையில் கேசவர்தனன் 1991-ல் தொடங்கிய கே7 நிறுவனம் பின்னாளில் ஜப்பான் சந்தையிலேயே பெயர் வாங்கியது. புனேயில் கால்குலேட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருந்த கைலாஷ் காட்கரும், அவர் தம்பி சஞ்சய் காட்கரும் சேர்ந்து உருவாக்கியதுதான் குவிக் ஹீல்.

ஆண்டிவைரஸ் வேலை செய்யும் முறையில் ஒரு குறை உண்டு. காவல் நிலையத்தில் தேடப்படும் குற்றவாளிகளின் படம் ஒட்டி வைத்திருப்பார்கள் அல்லவா? அதுபோல் தெரிந்த வைரஸ்களின் அடையாளங்களை வைத்துத்தான் முக்கியமாக அது தேடும். படம் இல்லாத புதுத் திருடன் அதன் எதிரிலேயே நடந்து போவான். அடையாளப் பட்டியலைப் புதுப்பிக்காவிட்டால் ஆண்டிவைரஸ் இருந்தும் இல்லாததுதான். தைவானில் ஒரு மாணவர் எழுதிய சிஐஎச் என்ற வைரஸ் 1998-லேயே கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது, அதைப் பிடிக்கும் அடையாளமும் வந்துவிட்டது. ஆனாலும் 1999 ஏப்ரல் 26 அன்று அது வெடித்தபோது கொரியா, துருக்கி, இந்தியா என்று ஆசிய நாடுகளில் கணினிகள் கொத்துக் கொத்தாக விழுந்தன. ஹார்ட் டிஸ்கின் தொடக்கப் பகுதியை அழித்ததோடு, சில கணினிகளில் மதர்போர்டின் பயாஸ் சில்லிலும் குப்பையை எழுதிவிட்டது. அந்தக் கணினிகள் ஸ்விட்ச் போட்டாலும் எழவில்லை.

2000 மே 4 அன்று மணிலாவிலிருந்து கிளம்பிய 'ஐ லவ் யூ' கதை எல்லோருக்கும் தெரியும். அதில் இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுதான். அந்தக் காதல் கடிதம் தெரியாதவரிடமிருந்து வரவில்லை. விழுந்தவரின் முகவரிப் புத்தகத்தைப் பிடித்து அதில் இருந்த எல்லோருக்கும் அது தன்னை அனுப்பியது. எனவே கடிதம் அலுவலக மேலாளரிடமிருந்தோ, பழைய நண்பரிடமிருந்தோ வந்தது. கோப்பின் உண்மையான வால் பெயரை விண்டோஸ் இயல்பாகவே மறைத்து வைத்திருந்ததால் பார்ப்பவருக்கு அது வெறும் எழுத்துக் கோப்பு போலத்தான் தெரிந்தது. இப்படி மறைத்து வைத்தது மைக்ரோசாஃப்டின் முடிவு. ஆனால் திட்டு வாங்கியது என்னவோ 'ஆசையில் திறந்தவர்கள்'தான்.

ஆக, 1986-லிருந்து 2000 வரை வந்தவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு பொது அம்சம் உண்டு. எங்கோ ஒரு மனிதக் கை அசைய வேண்டும். ஃபிளாப்பியைப் போட வேண்டும், நிரலை ஓட்ட வேண்டும், மெயிலைத் திறக்க வேண்டும். அதனால் பாதுகாப்பு என்பதே ஓர் ஒழுக்கப் பாடமாக இருந்தது. ஒழுங்காக நடந்துகொள், ஒன்றும் வராது. வந்தால் உன் தப்பு.

இந்த நம்பிக்கையைத்தான் பிளாஸ்டர் உடைத்தது.

2001 அக்டோபரில் வந்த விண்டோஸ் எக்ஸ்பி, வீட்டுக்காரர்களுக்கு ஒரு பெரிய மாற்றம். அதற்கு முன் வீடுகளில் இருந்த 95, 98, மில்லேனியம் எல்லாம் பழைய டாஸ் வம்சம். எக்ஸ்பி, அலுவலகங்களுக்காகக் கட்டிய விண்டோஸ் என்டி வம்சம். அடிக்கடி தொங்காது, உறுதியானது. ஆனால் அலுவலகக் கட்டடத்தின் வரைபடத்தை அப்படியே எடுத்து வீடு கட்டினால் வீட்டுக்குத் தேவையில்லாத வாசல்களும் கூடவே வரும். அப்படி வந்த ஒரு வாசல் ஆர்பிசி என்ற சேவை. ஒரு கணினி இன்னொரு கணினியைக் கூப்பிட்டு 'இந்த வேலையைச் செய்து கொடு' என்று கேட்பதற்கான வசதி அது. 135 என்ற எண்ணுள்ள போர்ட்டில் காது வைத்துக் காத்திருக்கும். அலுவலகத்தில் அதற்கு வேலை உண்டு. வீட்டில் மோடம் வழியாகச் செய்தி படிப்பவருக்கு வெளியுலகிலிருந்து யார் வந்து அப்படிக் கேட்கப் போகிறார்கள்? ஆனாலும் வாசல் இணையத்தைப் பார்த்துத் திறந்தே இருந்தது.

அதைச் சாத்த எக்ஸ்பியிலேயே ஒரு ஃபயர்வாலும் இருந்தது. ஆனால் அணைத்து வைக்கப்பட்டிருந்தது! அதைப் போட்டால் கோப்புப் பகிர்வு போன்ற சில வசதிகள் வேலை செய்யாமல் போகலாம் என்பதால் தேவைப்படுபவர் தேடிப் போய் இயக்கிக்கொள்ளட்டும் என்று விட்டிருந்தார்கள். எத்தனை பேர் தேடிப் போயிருப்பார்கள்?

ஆர்பிசியில் இருந்த ஓட்டையைக் கண்டுபிடித்தது போலந்து நாட்டின் ஆய்வுக் குழு ஒன்று. அவர்கள் மைக்ரோசாஃப்டுக்குச் சொன்னார்கள். 2003 ஜூலை 16-ல் எம்எஸ்03-026 என்ற எண்ணுடன் பேட்ச் வந்தது. பேட்ச் என்றால் கிழிந்த சட்டைக்குப் போடும் ஒட்டு மாதிரி. ஆனால் மென்பொருளில் போடும் ஒட்டுக்கு ஒரு விபரீத குணம் உண்டு. சட்டை எங்கே கிழிந்திருந்தது என்பதை அது ஊருக்கே காட்டிக் கொடுத்துவிடும். பழைய கோப்பையும் புதிய கோப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் எந்த இடத்தை மாற்றியிருக்கிறார்கள் என்று தெரிந்தவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். ஜூலை 25-ம் தேதி சீனாவின் எக்ஸ்ஃபோகஸ் குழு அந்த ஓட்டைக்குள் நுழையும் நிரலை வெளியிட்டது. அங்கிருந்து பதினேழாவது நாள் பிளாஸ்டர்.

ஆக, மருந்து வந்த நாளிலிருந்து அதைப் போடாதவர்களின் ஆபத்து முன்பைவிட அதிகமாகிறது. இது வீட்டுக் கணினிக்காரர்களுக்கு அப்போது யாரும் சொல்லாத செய்தி.

புழுவின் அளவு சுமார் 6 கேபி. இந்தக் கட்டுரையின் அளவுகூட இல்லை! அது இணைய முகவரிகளை வரிசையாக எடுத்து ஒவ்வொன்றிலும் 135-ம் வாசலைத் தட்டும். திறந்திருந்தால் நுழைய வேண்டும். ஆனால் எக்ஸ்பிக்கு ஒரு சாவி, விண்டோஸ் 2000-க்கு வேறு சாவி. எதிரில் இருப்பது எது என்று அதற்குத் தெரியாது. எனவே பெரும்பாலும் எக்ஸ்பி சாவியையும், சில தடவை 2000-ன் சாவியையும் குருட்டாம்போக்கில் போட்டுப் பார்க்கும். தப்பான சாவியைப் போட்டால் ஆர்பிசி சேவை உடைந்துவிடும். அந்தச் சேவை இல்லாமல் எக்ஸ்பியால் வாழ முடியாது என்பதால் 60 வினாடி கொடுத்துவிட்டுக் கணினி மறுபடி தொடங்கும். அந்தப் பெட்டி பெரும்பாலும் புழுவின் வெற்றியைக் காட்டவில்லை, அது கணக்குத் தப்பியதைத்தான் காட்டியது. கணக்குச் சரியாக இருந்திருந்தால் சத்தமே இல்லாமல் உள்ளே உட்கார்ந்திருக்கும், பலருக்குத் தெரிந்தே இருக்காது.

இதில் ஒரு வேடிக்கை. பழைய விண்டோஸ் 98-ஐ மாற்ற வசதியில்லாமல் வைத்திருந்தவர்கள் தப்பித்தார்கள். அந்த வாசல் அவர்கள் வீட்டில் இல்லை!

புழுவுக்குள் பில் கேட்ஸை ஏளனம் செய்து, பணம் பண்ணுவதை நிறுத்திவிட்டு மென்பொருளைச் சரிசெய்யச் சொல்லும் வரி ஒன்று இருந்தது. ஆகஸ்ட் 16 அன்று விழுந்த கணினிகள் எல்லாம் சேர்ந்து மைக்ரோசாஃப்டின் அப்டேட் தளத்தைத் தாக்க வேண்டும் என்பது உள்ளே எழுதப்பட்ட கட்டளை. மருந்துக் கடையையே மூடிவிடும் திட்டம். ஆனால் எழுதியவர் கொடுத்திருந்த முகவரி உண்மையான தளத்துக்குத் திருப்பி விடும் ஒரு துணை முகவரிதான். மைக்ரோசாஃப்ட் அந்தத் துணை முகவரியையே எடுத்துவிட்டது. தாக்குதல் புஸ்வாணம் ஆனது.

கடை திறந்திருந்தது. சரி, போய் வாங்க முடிந்ததா?

டயல்-அப் மோடம் நல்ல நாளில் வினாடிக்கு 5 கேபி இறக்கும். ஒரு எம்பி இறங்கவே மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகும். புழு கொடுப்பதோ 60 வினாடி. மருந்து வாங்க இணையத்துக்குப் போக வேண்டும், இணையத்துக்குப் போனால் மறுபடி நோய். அப்போதுதான் ஒரு கைமருத்துவம் வாய்வழியாகப் பரவியது. எண்ணிக்கை ஓடிக்கொண்டிருக்கும்போதே ஸ்டார்ட் மெனுவில் ரன் பெட்டியைத் திறந்து 'ஷட்டவுன்' என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, ஒரு கோடும் 'ஏ' என்ற எழுத்தும் சேர்த்து எண்டர் தட்டினால் எண்ணிக்கை நின்றுவிடும். பிறகு ஃபயர்வாலை இயக்கிவிட்டு நிதானமாகப் பேட்சை இறக்கிக்கொள்ளலாம். வைரஸ் வரலாற்றில் இத்தனை பேர் ஒரே வாரத்தில் ஒரு கட்டளையைக் கற்றுக்கொண்டது வேறு எப்போதும் நடந்திருக்காது.

புழு வந்த பிறகு பட்ட பாடு இது. வருவதற்கு முன் 26 நாட்கள் கையில் இருந்தனவே, அப்போது ஏன் போடவில்லை? சோம்பேறித்தனம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். ஆனால் அது நியாயமாகாது.

முதலில், பேட்ச் என்று ஒன்று இருப்பதே வீட்டில் பலருக்குத் தெரியாது. கணினி என்பது மிக்ஸி, கிரைண்டர் போல ஒரு தடவை வாங்கி வைக்கும் பொருள் என்றுதான் நினைத்தார்கள். விற்றவர்களும் அப்படித்தான் விற்றார்கள். இரண்டாவது, நிமிடக் கணக்கில் தொலைபேசிக் கட்டணம் கொடுத்தவர்களுக்கு எம்பி கணக்கில் இறக்கச் சொல்வது சின்ன விஷயம் இல்லை.

மூன்றாவது காரணம்தான் நம் ஊர்ப் பக்கம் பெரியது. உள்ளூர்க் கடையில் அசெம்பிள் செய்து வாங்கிய கணினிகளில் பெரும்பாலானவற்றில் விண்டோஸ் திருட்டுப் பிரதிதான். 2002-ல் வந்த எக்ஸ்பி சர்வீஸ் பேக் 1, அப்படிப் பரவலாகச் சுற்றிய சில சீரியல் எண்களை ஏற்க மறுத்தது. அதிலிருந்து அப்டேட் என்றாலே 'மாட்டிக்கொள்வோம்' என்று ஒரு பயம். கணினியைப் பூட்டித் தரும் கடைக்காரர்களில் பலர், ஆட்டோமேட்டிக் அப்டேட்டை அணைத்துவிட்டுத்தான் வாடிக்கையாளரிடம் ஒப்படைத்தார்கள், அதையும் ஒரு சேவையாக நினைத்து!

மைக்ரோசாஃப்டுக்கும் இது தர்மசங்கடம். காசு கொடுக்காதவனுக்கு ஏன் மருந்து கொடுக்க வேண்டும் என்று கேட்கலாம். கொடுக்காவிட்டால் அவன் கணினியிலிருந்து கிளம்பும் புழு காசு கொடுத்தவன் கதவைத்தான் தட்டும். பொருளியல் பாடத்தில் புறவிளைவு என்று ஒன்று வரும். சாயப்பட்டறைக் கழிவு ஆற்றில் விழுந்தால் நட்டம் பட்டறைக்காரருக்கு இல்லை, கீழே இருக்கும் விவசாயிக்குத்தான் என்று உதாரணம் சொல்வார்கள். பேட்ச் போடாத கணினியும் அப்படித்தான். தன் சொந்தக்காரருக்குச் செய்யும் தீங்கு கொஞ்சம், ஊருக்குச் செய்வது அதிகம். எனவே 2005-ல் உண்மைப் பிரதிதானா என்று சோதிக்கும் திட்டம் வந்த பிறகும், ஆட்டோமேட்டிக் அப்டேட் வழியாக வரும் பாதுகாப்புப் பேட்சுகளைத் திருட்டுப் பிரதிகளுக்கும் விட்டு வைத்தார்கள். தாராள மனசு என்று நினைக்க வேண்டாம். கணக்குப் பார்த்துச் செய்ததுதான். ஆனால் இந்தச் செய்தி வீடுகளுக்கு வந்து சேரவே இல்லை. பயம் மட்டும் வந்து சேர்ந்தது.

இந்த நேரத்தில் நடந்த இன்னொரு கூத்தைச் சொல்லியே ஆக வேண்டும். பிளாஸ்டர் வந்து ஒரு வாரம் ஆனபோது, ஆகஸ்ட் 18 அன்று, அதே ஓட்டை வழியாக இன்னொரு புழு கிளம்பியது. வெல்ச்சியா என்றும் நாச்சி என்றும் அதற்குப் பெயர். அது உள்ளே நுழைந்து பிளாஸ்டரைத் தேடி அழித்தது. மைக்ரோசாஃப்ட் தளத்துக்குப் போய் பேட்சை இறக்கிப் போட்டது. 2004 பிறந்ததும் தானே தன்னை அழித்துக்கொள்ளும்படியும் எழுதப்பட்டிருந்தது. திருடன் வந்து பூட்டுப் போட்டுவிட்டுப் போன கதை!

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அடுத்த கணினியைத் தேட அது அனுப்பிய 'இருக்கிறாயா?' என்ற அழைப்புகளே வலைப்பின்னல்களை மூச்சுத் திணற வைத்தன. ஏர் கனடாவின் பயணிகள் பதிவு முறை தடுமாறியது. அமெரிக்கக் கடற்படையின் வலைப்பின்னலும் பாதிக்கப்பட்டது. பிளாஸ்டரைவிட இந்த நல்லவர் செய்த தொல்லை அதிகம் என்று சொன்ன நிர்வாகிகள் உண்டு. இன்னொருவர் வீட்டுக் கதவைத் திறந்து உள்ளே போய்ச் செய்யும் நல்ல காரியத்துக்கு நல்ல காரியம் என்று பெயர் வைக்கலாமா? இந்தக் கேள்வியைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் திரும்ப வரும்.

பிளாஸ்டரை முதலில் எழுதியவர் யார் என்று வெளியே தெரியவே இல்லை. மைக்ரோசாஃப்ட் 2003 நவம்பரில் 2,50,000 டாலர் பரிசு அறிவித்தும் பயனில்லை. அதன் நகல் ஒன்றைத் திருத்தி விட்ட, மின்னசோட்டாவைச் சேர்ந்த 18 வயது மாணவர் ஒருவர்தான் பிடிபட்டார். 2005-ல் அவருக்கு 18 மாத சிறைத் தண்டனை கிடைத்தது.

அந்த ஆகஸ்டுக்குப் பிறகு மைக்ரோசாஃப்ட் இரண்டு முடிவுகள் எடுத்தது. 2003 அக்டோபரிலிருந்து பேட்சுகளைக் கண்ட நேரத்தில் விடாமல் மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை மொத்தமாக விடுவது ஒன்று. எக்ஸ்பியையே பாதுகாப்புக்காகத் திருத்தி எழுதுவது இன்னொன்று. அந்த வேலை முடிவதற்குள் 2004 ஏப்ரல் 30-ல் சாஸர் புழு வந்துவிட்டது. இதற்கும் மருந்து 17 நாள் முன்பே, ஏப்ரல் 13-ல் வந்திருந்தது. அதே 60 வினாடி, அதே கூத்து. எழுதியவர் ஜெர்மனியில் ஒரு பள்ளி மாணவர்.

2004 ஆகஸ்டில் சர்வீஸ் பேக் 2 தயாரானது. அதில் ஃபயர்வால் இயல்பாகவே இயங்கியது. மூன்று வருடமாக அணைத்து வைத்திருந்த ஒரு ஸ்விட்சைப் போட்டார்கள், அவ்வளவுதான். கேட்டால் இதுவா பெரிய சாதனை என்று தோன்றும். ஆனால் வீட்டுக் கணினிப் பாதுகாப்பில் அதைவிடப் பெரிய திருப்பம் இல்லை என்றே சொல்லலாம். அதுவரை 'பாதுகாப்பு வேண்டும் என்பவர் போட்டுக்கொள்ளட்டும்' என்று இருந்தது, 'வேண்டாம் என்பவர் எடுத்துவிடட்டும்' என்று மாறியது. பெரும்பாலான மனிதர்கள் இரண்டையும் செய்ய மாட்டார்கள், கொடுத்ததை அப்படியே வைத்திருப்பார்கள். அந்தச் சோம்பல்தான் முன்பு எதிரியாக இருந்தது. இப்போது காவலாளியாக மாறியது.

முழுத் தொகுப்பு 266 எம்பி. டயல்-அப்பில் இறக்கினால் 15 மணி நேரத்துக்குக் குறையாது. மைக்ரோசாஃப்ட் தபாலில் இலவச சிடி அனுப்பியது, கணினி இதழ்களின் சிடிக்களிலும் வந்தது. பிராட்பேண்ட் வந்தபோது இன்னொரு பாதுகாப்பு யாரும் கேட்காமலே வந்து சேர்ந்தது. வீட்டில் வைத்த ரூட்டர், உள்ளே இருக்கும் கணினிகளை எல்லாம் தன் ஒரே முகவரிக்குப் பின்னால் மறைத்துவிடும். வெளியே இருந்து தட்டுபவருக்கு ரூட்டரின் சுவர்தான் தெரியும். முகவரிப் பற்றாக்குறைக்காகக் கண்டுபிடித்த ஏற்பாடு, பூட்டாகவும் வேலை செய்தது.

வாசல் அடைபட்டதும் புழுக்கள் பழைய வழிக்கே திரும்பின. ஃபிளாப்பியின் இடத்தில் பென் டிரைவ். 2008 அக்டோபர் 23-ல் ஒரு அவசரப் பேட்ச் வந்தது. நவம்பரில் அந்த ஓட்டை வழியாக கான்ஃபிக்கர் வந்தது. ஆண்டு முடிவில் வந்த அதன் அடுத்த வடிவம் பென் டிரைவிலும் ஏறிக்கொண்டது. பென் டிரைவைச் செருகியதும் என்ன செய்ய வேண்டும் என்று விண்டோஸ் ஒரு பெட்டி காட்டும் அல்லவா? அதில் 'கோப்புறையைத் திறந்து பார்' என்ற வரியையே, மஞ்சள் கோப்புறைப் படத்தோடு, புழு தனக்காக ஒன்று தயாரித்து மேலே வைத்திருந்தது. அதைச் சொடுக்கினால் ஓடுவது புழு. ஏறிய பிறகு ஆண்டிவைரஸ் தளங்களுக்கும் விண்டோஸ் அப்டேட்டுக்கும் போகும் வழியை அடைத்தது. பிளாஸ்டரால் மூட முடியாத மருந்துக் கடையை இது ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று மூடியது! பல லட்சம் கணினிகள் விழுந்தன. பிரெஞ்சுக் கடற்படையின் போர் விமானங்கள்கூடச் சில நாள் பறக்காமல் நின்றன.

நம் ஊர்க் கல்லூரி ஆய்வகங்களிலும் பிரவுசிங் சென்டர்களிலும் அந்த வருடங்களில் பென் டிரைவைச் செருகி, கோப்புறைப் படம் போட்ட ஏதோ ஒன்றைச் சொடுக்கி மாட்டாதவர்கள் குறைவு. பிராஜெக்ட் ரிப்போர்ட்டைப் பிரிண்ட் எடுக்கப் போய் வைரஸை வீட்டுக்குக் கொண்டு வந்தவர்களுக்கு அது புரியும். பென் டிரைவிலிருந்து தானாக ஓடும் வசதியை விண்டோஸ் 7-ல் 2009-லேயே எடுத்துவிட்டார்கள். எக்ஸ்பிக்கும் விஸ்டாவுக்கும் அந்தத் திருத்தம் அப்டேட் வழியாகப் பரவலாகப் போனது 2011 பிப்ரவரியில்தான். அதற்குள் எத்தனை ஆய்வறிக்கைகள், திருமண ஆல்பங்கள் போயினவோ!

ஆண்டிவைரஸ் விஷயத்திலும் இதே மாற்றம் நடந்தது. 2009-ல் மைக்ரோசாஃப்ட் இலவசமாக ஒன்றைத் தந்தது, ஆனால் உண்மைப் பிரதிக்கு மட்டும். 2012-ல் வந்த விண்டோஸ் 8-ல் அது உள்ளேயே கட்டப்பட்டு வந்தது. தனியாக வாங்க வேண்டிய பொருள் கணினியின் ஓர் உறுப்பாகிவிட்டது.

மிச்சம் இருந்தது பேட்ச் மட்டும். அதைப் போடலாமா வேண்டாமா என்பது இன்னும் வீட்டுக்காரர் கையில்தான் இருந்தது. 2015 ஜூலையில் வந்த விண்டோஸ் 10 அதையும் வாங்கிக்கொண்டது. வீட்டுப் பதிப்பில் அப்டேட்டை நிரந்தரமாக நிறுத்த வழி வைக்கவில்லை. கேட்காமல் இறங்கியது, சில சமயம் கேட்காமலே கணினியை மறுபடி தொடங்கியது. பாதி எழுதிய கட்டுரையை இழந்தவர்கள் கத்தினார்கள். டேட்டா கார்டில் இணையம் பார்த்தவர்களின் மாதக் கணக்கு ஒரே இரவில் காலியானது. சில அப்டேட்டுகள் நன்றாக ஓடிய கணினியைக் கெடுக்கவும் செய்தன. வெல்ச்சியா கேட்காமல் உள்ளே போய்ப் பேட்ச் போட்டதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கோபப்பட்டவர்களை ஒரேயடியாகத் தவறு என்று தள்ளிவிட முடியாது. வித்தியாசம் உண்டு, இதற்குக் கையெழுத்து இல்லாத ஒப்புதல் ஒன்றை நிறுவும்போதே வாங்கிவிடுகிறார்கள். அந்த நீளமான ஒப்பந்தத்தை யார் படிக்கிறார்கள் என்பது வேறு கதை.

ஆனால் இரண்டே வருடத்தில் இந்தப் பிடிவாதத்துக்கு ஒரு பரீட்சை வந்தது. 2017 மார்ச் 14-ல் ஒரு பேட்ச். ஏப்ரல் 14-ல் அந்த ஓட்டைக்கான அமெரிக்க உளவு அமைப்பின் கருவி இணையத்தில் கசிந்தது. மே 12-ல் வான்னாக்ரை. கோப்புகளைப் பூட்டிவிட்டு 300 டாலர் பிட்காயின் கேட்டது. 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் விழுந்தன. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் ஆயிரக்கணக்கான சிகிச்சை நேரங்கள் ரத்தாயின. ஆந்திரக் காவல்துறையின் சில கணினிகளும் மாட்டின. மருந்துக்கும் நோய்க்கும் நடுவே இந்தத் தடவை 59 நாட்கள் இருந்தன. விழுந்தவற்றில் மிகப் பெரும்பாலானவை பேட்ச் போடாத விண்டோஸ் 7 கணினிகள். கேட்காமல் பேட்ச் போட்டுக்கொண்ட விண்டோஸ் 10 கணினிகளுக்கு அநேகமாக ஒன்றும் ஆகவில்லை. 2014 ஏப்ரலிலேயே ஆதரவு முடிந்துபோன எக்ஸ்பிக்கும் மைக்ரோசாஃப்ட் அவசரமாக ஒரு பேட்ச் வெளியிட்டது. அதையும் போய் இறக்கிப் போட்டால்தான் உண்டு.

2025 அக்டோபர் 14-ம் தேதி விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவசப் பேட்சுகள் முடிந்தன. கூடுதலாகச் சில காலத்துக்குப் பேட்ச் வேண்டும் என்பவர் தனியாகப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்றார்கள். விண்டோஸ் 11-க்கோ 2018 வாக்கிற்குப் பின் வந்த செயலியும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் வேண்டும். அதனால் நன்றாக ஓடிக்கொண்டிருந்த எத்தனையோ வீட்டுக் கணினிகள் அடுத்த படிக்கு ஏற முடியாமல் நின்றன. பத்து வருடமாகத் தானாக வந்துகொண்டிருந்த மருந்தை, இனி வேண்டுமென்றால் வீட்டுக்காரரே போய்க் கேட்டு வாங்க வேண்டும், 2003 ஜூலையில் இருந்தது போலவே.